சின்ன நிலத்துக்கு டிராக்டர் கருவி: எதை வாங்கலாம், எப்படிப் பொருத்தலாம்

டிராக்டர் வீட்டுக்கு வந்தாயிற்று. பின்னால் எதை மாட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. இரண்டு மூன்று ஏக்கர், கொஞ்சம் மரங்கள், ஒரு மண் பாதை, வேலி, கவனிக்காமல் விட்டால் காடாகிவிடும் ஒரு மூலை. இந்த அளவு இடத்தைப் பராமரிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஓட்டத் தெரியும், ஹைட்ராலிக் லீவர் எது என்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வேலைப் பட்டியல்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது வருடத்தில் எத்தனை முறை வரும் என்று குறியுங்கள். புல்லும் புதரும் வெட்டுவது பல முறை வரும். பாதையை மட்டம் செய்வது ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் வரும். வேலிக் குழி தோண்டுவது ஒருமுறை முடிந்தால் பல வருடங்களுக்குத் திரும்ப வராது. அடிக்கடி வரும் வேலைக்குச் சொந்தமாகக் கருவி, எப்போதாவது வருவதற்கு வாடகை. இதை எழுதாமல் போனால் கடையில் பளபளப்பாக நிற்பதுதான் வண்டியேறி வரும்.

படி 2: டிராக்டரின் பின்பக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு விஷயங்கள் வேண்டும். முதலாவது, பி.டி.ஓ. குதிரைத்திறன். பி.டி.ஓ. என்பது என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்க டிராக்டரின் பின்னால் சுழலும் முனை. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது என்ஜின் திறன். கருவியைச் சுழற்ற வந்து சேர்வது பெரும்பாலும் அதில் 80 முதல் 90 சதவீதம்தான். கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்தச் சின்ன எண்ணை.

இரண்டாவது, லிங்கேஜின் வகை. கருவியை மாட்ட டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று கைகள்தான் லிங்கேஜ்: கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க். கேட்டகரி 1 என்றால் கீழ் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. கேட்டகரி 2 என்றால் 28, 25 மி.மீ. சின்னக் கருவியைப் பெரிய லிங்கேஜில் புஷ் (இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்) போட்டு மாட்டிவிடலாம். பெரிய பின் சின்ன ஓட்டைக்குள் போகாது. இரண்டு கீழ் லிங்குகளுக்கு இடையிலான அகலமும் வகைக்கு வகை மாறும், அதையும் பாருங்கள். மூன்று முனைகளில் மாட்டும் இந்த முறையை 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டர் வழியாகப் பரவலாக்கியவர் ஹாரி ஃபெர்குசன். அது பிறகு எல்லாருக்கும் பொதுவான அளவாக மாறியதால்தான், ஒரு கம்பெனி டிராக்டரில் இன்னொரு கம்பெனி கலப்பையை மாட்ட முடிகிறது.

மூன்றாவது, தூக்கும் திறன். கையேட்டில் உள்ள எண் கீழ் லிங்க் நுனியில் அளந்ததா, அதிலிருந்து 610 மி.மீ. பின்னால் அளந்ததா என்று கவனியுங்கள். கருவியின் எடை பின்னால் தள்ளிப்போகப் போக ஹைட்ராலிக் தூக்கக்கூடிய எடை குறையும். நுனியில் சுலபமாகத் தூக்கும் எடை, நீளமான கருவி என்றால் எழும்பாமல் கிடக்கும்.

நான்காவது, பி.டி.ஓ. முனை. 6 பள்ளம், 35 மி.மீ. குறுக்களவு, நிமிடத்துக்கு 540 சுற்று: சின்ன டிராக்டர்களில் இதுதான் வழக்கம். பழைய வண்டி என்றால் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

படி 3: அகலம்

பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை டேப் பிடியுங்கள். கருவி அந்த அகலத்தை மூடவில்லை என்றால், டயர் மிதித்துப் படுக்கவைத்த புல் வெட்டுப்படாமல் தப்பிவிடும். மறுநாள் நிமிர்ந்து நிற்கும்.

அதற்காக ஆசைப்பட்டு அகலமாகவும் வாங்க முடியாது. புதர் வெட்டும் ஸ்லாஷருக்கு ஓரடி அகலத்துக்கு 5 பி.டி.ஓ. குதிரைத்திறன் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டருக்கு மண்ணைப் பொறுத்து அது 7 முதல் 10 வரை போகும். பி.டி.ஓ.வில் 25 குதிரைத்திறன் வரும் வண்டிக்கு 5 அடி ஸ்லாஷர் சரி. ரொட்டவேட்டர் என்றால் மூன்றரை அடியைத் தாண்ட வேண்டாம். டயர் அதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பக்கவாட்டில் நகர்த்தி மாட்டக்கூடிய மாடலாகப் பாருங்கள். ஒரு பக்க டயர் தடமாவது மூடப்படும்.

படி 4: என் வரிசை

ஸ்லாஷர் முதலில். பராமரிப்பு என்று பார்த்தால் பாதி வேலை வெட்டுவதுதான்.

இரண்டாவது, பாக்ஸ் பிளேடு. பின்பக்கமும் இரு பக்கமும் மூடிய பெட்டிபோன்ற பிளேடு, மண்ணைக் கிளறும் கொக்கிகளோடு. பாதை, வாய்க்கால் ஓரம், கொட்டி வைத்த மண் எல்லாவற்றுக்கும் ஆகும். சாதாரண லெவலர் பிளேடு விலை குறைவுதான். ஆனால் மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு நகரும். பாக்ஸ் பிளேடு பள்ளம் வரும் வரை மண்ணைச் சுமந்துபோய் அங்கே விடும், அதனால் என் ஓட்டு அதற்கே.

மூன்றாவது, கொத்துக் கலப்பை. இங்கேதான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ரொட்டவேட்டர் ஒரே ஓட்டத்தில் மண்ணைப் பொடியாக்கித் தருகிறது, பார்க்க அழகாக இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் ஓட்டினால் கத்திகளுக்குக் கீழே மண் இறுகித் தகடுபோல் ஆகிவிடும். தண்ணீர் இறங்காது, வேர் இறங்காது. கல் இருக்கும் நிலத்தில் கத்தி தேய்வது தனிக்கதை. கொத்துக் கலப்பைக்குச் சுழலும் பாகமே கிடையாது. கொழு தேய்ந்தால் மாற்றினால் போதும். காய்கறிப் பாத்தி நிறையப் போடுகிறவர்கள் மட்டும் ரொட்டவேட்டரைப் பற்றி யோசியுங்கள்.

குழி தோண்டும் ஆகர், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், மரக்கிளை அரைக்கும் இயந்திரம் மூன்றும் வாடகைக்குப் போதும்.

படி 5: ஷாஃப்டை அளந்து வெட்டுவது

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. பி.டி.ஓ.வையும் கருவியின் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஷாஃப்ட், ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்களால் ஆனது. கருவியோடு அது பொதுவான நீளத்தில் வரும். உங்கள் டிராக்டருக்கு அது நீளமாக இருக்க வாய்ப்பு அதிகம். நீளமான ஷாஃப்டை அப்படியே மாட்டிக் கருவியைத் தூக்கினால், உள்குழாய் முட்டி நின்று, டிராக்டர் பக்கம் பேரிங்கையோ கருவிப் பக்கம் கியர்பாக்ஸையோ உடைக்கும். குட்டையாக வெட்டிவிட்டால் சுழலும்போதே இரண்டாகக் கழன்று அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளம் இருக்கிறது, அதை இப்படிப் பிடிக்கலாம்.

ஷாஃப்ட் இல்லாமல் கருவியை மட்டும் மாட்டுங்கள். கீழ் லிங்குகளைப் பிடித்திருக்கும் செக் செயினை இறுக்கி, பக்கவாட்டில் ஆடாமல் வையுங்கள். மெதுவாகத் தூக்கி இறக்கி, டிராக்டரின் பி.டி.ஓ. முனையும் கியர்பாக்ஸ் முனையும் எந்த நிலையில் மிக நெருங்குகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே மட்டத்தில் நேருக்கு நேர் வரும்போது அது நடக்கும். அங்கேயே நிறுத்தி, கருவிக்குக் கீழே கட்டை கொடுத்துத் தாங்கவைத்து, என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கீழே கை விட வேண்டாம்.

இப்போது ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை கியர்பாக்ஸிலும் மாட்டிப் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். ஒரு பாதியின் குழாய் நுனி எதிர்ப் பாதியின் அடிப்பகுதியில் முட்டாமல் சுமார் 25 மி.மீ. இடைவெளி நிற்க வேண்டும். அதற்கு மேல் நீண்டிருப்பதைக் குறியுங்கள். உள்குழாய், வெளிக்குழாய், இரண்டு பிளாஸ்டிக் உறைகள் என நான்கிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பை உள்ளும் புறமும் அரத்தால் ராவி, தூளைத் துடைத்து, கிரீஸ் தடவிச் சேருங்கள். பிசிறு ஒன்று நின்றால்கூடக் குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கருவியை முழுதாக இறக்கி, முழுதாகத் தூக்கி, இரண்டு முனையும் மிக விலகும் நிலையையும் பாருங்கள். அப்போதும் குழாய்கள் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். சதுரக் குழாய் ஷாஃப்டை 90 டிகிரி திருப்பிச் சேர்த்துவிடவும் வாய்ப்பு உண்டு. உள்பக்க யோக்குகள் (மூட்டைப் பிடிக்கும் கவட்டைகள்) இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். மாறியிருந்தால் கருவி நடுங்கும், மூட்டில் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸ் சீக்கிரம் போய்விடும்.

பிளாஸ்டிக் உறையின் சங்கிலியை ஒதுக்கிவிடாமல் கட்டுங்கள். 540 என்பது நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது.

ஷியர் போல்ட் பற்றி ஒரு வார்த்தை. அது உடைவதற்காகவே வைத்த போல்ட். அடிக்கடி உடைகிறது என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை கல்லில் மோதும்போது கியர்பாக்ஸ் உடையும். கையேட்டில் சொன்ன தரத்தில் ஒரு பிடி வாங்கி டூல்பாக்ஸில் போட்டு வையுங்கள்.

படி 6: முன்பக்க எடை

கனமான கருவியைத் தூக்கும்போது முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டிராக்டர் எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. சமதளத்தில் கருவியை முழுதாகத் தூக்கி, மிக மெதுவாக ஓட்டித் திருப்பிப் பாருங்கள். வழுக்கினால் முன்னால் எடைக்கட்டி போடுங்கள். மரக்கட்டை இழுக்கும்போது சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டவே கூடாது. வண்டி பின்னால் மல்லாந்துவிடும். இழுவை எதுவானாலும் டிராபாரில்தான், அதாவது பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில்.

பிற்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டவை சில. கிளட்ச் மிதித்தும் ஸ்லாஷரோடு டிராக்டர் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது என்றார் ஒருவர். பழைய வண்டிகளில் பி.டி.ஓ. கியர்பாக்ஸோடு பிணைந்திருக்கும். சுழலும் கனமான கத்தித் தட்டு திரும்ப வண்டியை ஓட்டுகிறது. பி.டி.ஓ. முனைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில், ஒரு திசையில் மட்டும் சக்தியைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்று போட்டால் தீரும். போட்டால் நீளம் கூடும், ஷாஃப்டை மறுபடி அளக்க வேண்டும்.

பாக்ஸ் பிளேடு மண்ணைக் கிளறுகிறதே தவிர மட்டம் செய்யவில்லை என்று இன்னொருவர். டாப் லிங்கைக் குறைத்தால் முன்பக்கம் சாய்ந்து கொக்கிகள் மண்ணில் இறங்கும். நீட்டினால் பின் பிளேடு தரையில் படிந்து வழித்துக்கொண்டு போகும். முதலில் குறைத்து ஒரு ஓட்டம், பிறகு நீட்டி ஒரு ஓட்டம்.

பளு கூடினால் வழுக்கிக் கியர்பாக்ஸைக் காப்பாற்றும் ஸ்லிப் கிளட்ச் உள்ள ஸ்லாஷரை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அது கிளட்ச்சே இல்லை, வெறும் இரும்பு. வேலை தொடங்கும் முன் ஸ்பிரிங் நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, நட்டுகளைத் தளர்த்தி, சில நொடி வழுக்க விட்டு, பழைய அளவுக்கே இறுக்குங்கள்.

பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் கியர்பாக்ஸ் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அச்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், லொடலொடவென்றால் பேரிங் போய்விட்டது. பெயின்ட் புதிதாக இருந்தால் வெல்டிங் தழும்புகளை விரலால் தடவிப் பாருங்கள், லிங்க் மாட்டும் காதுகளில் முக்கியமாக.