பே ஆஃப் ஐலண்ட்ஸ்: மூன்று இரவுப் பயணத்தை நீங்களே திட்டமிடுவது எப்படி?

போன கோடையில் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வடக்கே, பே ஆஃப் ஐலண்ட்ஸ் கடற்கரைப் பகுதிக்குக் கிளம்பினோம். வண்டி எடுப்பது, பெட்ரோல் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஊர்

பைஹியாவில் தங்குங்கள். ஆக்லாந்திலிருந்து சுமார் 230 கி.மீ.; மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதிர்க்கரையில் இருக்கும் ரஸ்ஸல், இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் கொரோராரெகா, அழகான ஊர்தான். ஆனால் அங்கே தங்கினால் எதற்கெடுத்தாலும் ஃபெரி நேரம் பார்க்க வேண்டும். பைஹியாவிலிருந்து படகில் ஒரு மாலை போய்வந்தால் போதும்.

படி 2: அறை

நான் சறுக்கியது இங்கேதான். கேபின்களை வாடகைக்கு விடும் ஒரு ஹாலிடே பார்க்கில் ‘நான்கு பேர் தங்கலாம்’ என்றிருந்த கேபினை, விலையை மட்டும் பார்த்து புக் செய்துவிட்டேன். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது. விரிப்பு, தலையணை, போர்வை எதுவும் இல்லை. கழிப்பறை நூறடி தள்ளி. அலுவலகத்தையும் பூட்டியாயிற்று. அம்மா பெட்டியிலிருந்த நூல் புடவைகளை எடுத்து விரித்தார். “கல்யாண மண்டபத்துல படுத்த மாதிரி இருக்கு” என்று அப்பா சிரித்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அதனால் விவரத்தில் ‘லினன்’ (படுக்கை விரிப்பு வகையறா) என்ற சொல்லைத் தேடுங்கள். அது கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா, தனிக் காசா, கிடையவே கிடையாதா? ‘பேசிக் கேபின்’ என்றால் பெரும்பாலும் நாலு சுவர்தான். குளியலறையும் சமையலறையும் பொது. ‘என்சூட்’ என்றால் குளியலறை உள்ளேயே. ‘பேட்ச்’ என்று இங்கே சொல்லும் விடுமுறை வீடுகளிலும் இதே கதைதான். கூடவே துப்புரவுக் கட்டணமும் இருக்கும். ஏழு மணிக்கு மேல் போய்ச் சேர்வதாக இருந்தால், சாவியை எங்கே வைப்பார்கள் என்று முதல் நாளே போன் செய்து கேளுங்கள்.

பெரியவர்கள் கூட வந்தால் என் ஓட்டு மோட்டலுக்கு. சின்ன சமையல் மேடை உள்ள அறையாகப் பாருங்கள், ஒரு குட்டி ரைஸ் குக்கரை மட்டும் எடுத்துப் போங்கள்.

படி 3: வைத்தாங்கி

1840 பிப்ரவரி 6 அன்று மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியும் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடம், பைஹியாவுக்குப் பக்கத்திலேயே. வழிகாட்டியோடு சுற்றுங்கள், தனியாகப் போனால் வெறும் மரச்சிற்பமாகத்தான் தெரியும். 1940இல் திறக்கப்பட்ட கூட்ட மண்டபத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! கீழே நிற்கும் போர்ப்படகு 35 மீட்டருக்கு மேல் நீளம்; துடுப்புப் போட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வேண்டும். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

படி 4: கேப் ரெயிங்கா

நாட்டின் வடகோடியில் இருக்கும் இந்த முனைக்குப் போக மட்டும் 200 கி.மீ.க்கு மேல். சொந்தமாக ஓட்டாதீர்கள், பைஹியாவிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் போங்கள். அது ‘தொண்ணூறு மைல் கடற்கரை’ மணலிலேயே ஓடும் (பெயர்தான் தொண்ணூறு, உண்மையில் 55 மைல்). வாடகைக் காரை அந்த மணலில் இறக்க வாடகை ஒப்பந்தம் பொதுவாக அனுமதிக்காது. சிக்கினால் செலவு உங்கள் தலையில்.

முனையின் மாவோரிப் பெயர் தே ரெரெங்கா வைருவா. இறந்தவர்களின் ஆவி இங்கிருந்துதான் மூதாதையர் பூமிக்குக் கிளம்புகிறது என்பது நம்பிக்கை. அதனால் அங்கே எதுவும் சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். புளிசாதப் பொட்டலத்தை வேறு நிறுத்தத்தில் பிரியுங்கள்.

பின்சேர்க்கை 1: ‘பிப்ரவரி முதல் வாரம் அறையே கிடைக்கவில்லை’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். 6ஆம் தேதி வைத்தாங்கி நாள், தேசிய விடுமுறை. அந்த விழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே புக் செய்யுங்கள். இல்லையென்றால் மார்ச் நல்லது, தண்ணீரும் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பின்சேர்க்கை 2: தமிழ் மணியை எங்கே பார்க்கலாம் என்று கேட்ட நண்பருக்கு: தமிழ் எழுத்து பொறித்த அந்தக் கப்பல் மணியில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததை, பைஹியாவில் இருந்த கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் பார்த்தாராம். இடம் ஃபாங்காரே பக்கம், நீங்கள் போகும் வழிதான். ஆனால் மணி இப்போது வெலிங்டனில், தே பாபா அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. அதற்காக வடக்கே தேடி அலையாதீர்கள்.