சேலஞ்சர், கொலம்பியா விபத்துகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத் தகவல்தொடர்பு வகுப்பில், ஒரு நிறுவனத்தை ஒன்றையொன்று பாதிக்கும் பகுதிகளும் வெளிச்சூழலும் சேர்ந்த முழுமையாகப் பார்க்கும் அமைப்புக் கோட்பாடும் நிறுவனப் பண்பாடும் வந்துவிட்டால் நாசாவின் இரண்டு விபத்துகளும் கூடவே வந்துவிடும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா தரையிறங்க வரும் வழியில் உடைந்து விழுந்தது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில்தான் இருந்தார். ஒவ்வொன்றிலும் ஏழு பேர் இறந்தார்கள். இவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த பாடத்தை மாணவர்கள் பெரும்பாலும் தவறாகவே எழுதுகிறார்கள் என்பது என் வருத்தம்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, ஒரு குற்றவாளியைத் தேடுவது. சேலஞ்சர் கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. விண்ணோடத்தை மேலே தள்ளும் பக்கவாட்டு ராக்கெட்டுகளான பூஸ்டர்களைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், மூட்டுகளில் சூடான வாயு கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். பூஸ்டர்களுக்குப் பொறுப்பான நாசாவின் மார்ஷல் மையத்து அதிகாரிகள் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். தியோக்கால்காரர்கள் இணைப்பை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றி மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு மூத்த அதிகாரி இன்னொருவரிடம் சொன்னார். முடிவு மாறியது. மறுநாள் ஏவும் நேரத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி.

இதைப் படித்தவுடன் தொப்பியைப் பற்றிப் பேசியவர் மேல் கோபம் வருவது இயல்புதான். ஆனால் அமைப்புக் கோட்பாடு அந்த அறைக்கு வெளியேயும் பார்க்கச் சொல்கிறது. 1990 வாக்கில் ஆண்டுக்கு 24 பயணங்கள் என்பது நாசாவின் இலக்கு. 1985இல் முடிந்ததோ 9. தியோக்காலுக்கு நாசா மிகப் பெரிய வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளரை அனுசரிக்கவே நிர்வாகம் தன் நிலையை மாற்றிக்கொண்டது என்று சேலஞ்சர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் எழுதியது. வெளியிலிருந்து வரும் இந்த நெருக்கடியைக் கணக்கில் எடுக்காமல் அந்த ஓர் இரவை மட்டும் அலசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அடுத்தது, ‘தகவல் போய்ச் சேரவில்லை’ என்று ஒரே வரியில் முடிப்பது. அதில் உண்மை உண்டு. ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் தந்த மேலிடத்துக்கு அந்த இரவு நடந்த வாக்குவாதம் தெரியவே தெரியாது. ஆனால் கொலம்பியாவைப் பாருங்கள். ஏவும்போது எரிபொருள் தொட்டியின் மேலுறையிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. அதை ஆராய்ந்தவர்கள், சோதனைகளில் பயன்பட்ட துண்டின் கனஅளவு 3 கன அங்குலம், மோதியதன் மதிப்பீடு 1920 கன அங்குலம் என்று எழுதித்தான் கொடுத்தார்கள். 640 மடங்கு வித்தியாசம். அது ஒரு ஸ்லைடின் அடிவரியில், சின்ன எழுத்தில் கிடந்தது. தலைப்போ நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. தகவல் போய்ச் சேர்ந்தது, ஆபத்து யாருக்கும் உறைக்கவில்லை.

பின்னூட்டம், அதாவது ஒரு செயலின் விளைவைப் பற்றித் திரும்பி வரும் தகவல், என்றாலே அமைப்பைத் திருத்துவது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆழமான தவறு. ஓ-ரிங் அரிப்பு 1981இல், விண்ணோடத்தின் இரண்டாவது பயணத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகும் பல பயணங்களில் வளையங்கள் கருகித் திரும்பின. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாக இறங்கியது. ‘இவ்வளவு அரிப்பைத் தாங்கும்’ என்பதற்கு அதுவே சான்றாகிவிட்டது. எச்சரிக்கையாக வந்த தகவலே தைரியம் கொடுக்கும் தகவலாக மாறிப்போனது. சமூகவியலாளர் டயான் வாகன் இதைத்தான் விலகல் இயல்பாகிப்போவது என்று விளக்கினார். யாரும் விதியை மீறவில்லை; விதியே மெல்ல மெல்ல நகர்ந்தது. நுரை விஷயத்திலும் அதே கதை. கொலம்பியாவுக்குச் சில மாதங்கள் முன்பு, 2002 அக்டோபரில் வேறொரு பயணத்தில் பெரிய நுரைத்துண்டு பெயர்ந்து பூஸ்டரைத் தாக்கியது. அதன்பிறகும் ஏவுதல்கள் தொடர்ந்தன.

பண்பாடு என்றதும் சுவரில் மாட்டிய கொள்கை வாசகங்களைப் பட்டியலிடுவார்கள். பாதுகாப்பே முதன்மை என்று நாசாவும்தான் சொன்னது. ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அறிய, அங்கே எதை யார் நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். தியோக்கால் பொறியாளர்கள், ஏவுவது ஆபத்து என்பதைச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் சுமை யார் தலையிலும் இல்லை. கொலம்பியா வானில் இருந்தபோது இறக்கையைப் படமெடுக்கப் பொறியாளர்கள் கேட்டார்கள். கோரிக்கை முறையான வழியில் வரவில்லை என்ற பேச்சு எழுந்தது, படம் எடுக்கப்படவில்லை. கூட்டங்களில் கவலை இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்தப் பழக்கங்கள்தான் பண்பாடு. நுரைக்கு இருந்த அளவு பங்கு நிறுவனப் பண்பாட்டுக்கும் உண்டு என்று கொலம்பியா விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் அறிவித்தது இதனால்தான்.

அமைப்பை ஓர் அத்தியாயமாகவும் பண்பாட்டை இன்னோர் அத்தியாயமாகவும் பிரித்து எழுதுவதையும் விட்டுவிடுங்கள். சேலஞ்சருக்குப் பிறகு நாசா தலைமையகத்தில் பாதுகாப்புக்கென்று தனி அலுவலகம் வந்தது, அமைப்புப் படத்தில் புதிய கட்டம் சேர்ந்தது. ஆனால் 2003இலும் விண்ணோடத் திட்டத்தின் பாதுகாப்புப் பணியாளர்களுக்கான பணம் பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் கையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல வேண்டியவர்கள், யாரை நிறுத்த வேண்டுமோ அவர்களையே நிதிக்கு நம்பியிருந்தார்கள்.