முப்பது வயது ஐலா விஸ்கி: வயதை மட்டும் நம்பினால் நேரும் தவறுகள்

Islay என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'இஸ்லே' என்று படிப்பதுதான் பலர் செய்யும் முதல் பிழை. அந்தத் தீவின் பெயர் ஐலா. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள அத்தீவில், இண்டால் கடற்கழியின் கரையோரம் நிற்கும் போமோர் என்னும் விஸ்கி வடிப்பாலை, தான் தொடங்கிய ஆண்டு 1779 என்று தன் புட்டிகளிலேயே பொறித்துக்கொள்கிறது. அங்கே 1964-இல் வடிக்கப்பட்டு, ஷெர்ரி என்னும் ஸ்பானிய வைன் இருந்த பீப்பாய்களில் உறங்கி, 1993-இல் முதன்முதலாகப் புட்டியில் அடைக்கப்பட்ட 'பிளாக் போமோர்' என்னும் கருநிற விஸ்கியை எடுத்துக்கொண்டால், நெடுங்காலம் பீப்பாயில் முதிர்ந்த சிங்கிள் மால்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடிக்கும் விஸ்கி) பற்றிய தவறான எண்ணங்கள் பெரும்பாலும் அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

அந்த முதல் வெளியீட்டின் வயது 29. இன்று திறந்தாலும் 29-தான். விஸ்கி முதிர்வது ஓக் மரத்தோடு உறவாடும் வரைதான். கண்ணாடிக்குள் போனபின் அதற்கு வயது ஏறுவதில்லை. ஆகவே 12 வயதுப் புட்டியை வாங்கிப் பத்தாண்டு பூட்டிவைத்து, 22 வயது விஸ்கி கிடைத்துவிட்டதாக மகிழ்வது வீண். அதேபோல், லேபிளில் உள்ள எண் சராசரியும் அன்று. உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதன் வயது அது. 40 வயதுச் சரக்கோடு 18 வயதுச் சரக்கு ஒரு குவளை சேர்ந்தாலும் 18 என்றே அச்சிட வேண்டும். 'சிங்கிள்' என்ற சொல்லும் ஒரே வடிப்பாலையைத்தான் குறிக்கிறது, ஒரே பீப்பாயை அன்று.

நிறத்தை வைத்து வயதைக் கணிப்பதும் ஆபத்தானது. பிளாக் போமோரின் கருமை ஷெர்ரிப் பீப்பாய் தந்தது. பழைய பீப்பாயில் பல ஆண்டுகள் கிடந்த விஸ்கி வெளிர் வைக்கோல் நிறத்திலும் இருக்கும். போதாததற்கு, கேரமல் நிறமூட்டி சேர்க்கவும் ஸ்காட்ச் சட்டம் அனுமதிக்கிறது.

வயது கூடினால் புகை வாசம் கூடும் என்பதே ஐலாவைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு என்பேன். பீட் எனப்படும் சதுப்பு நில மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவதால் வருவது அந்த வாசம். பீப்பாயில் ஆண்டுகள் செல்லச் செல்ல அது மங்கி, பழ வாசனைகளுக்கு வழிவிடுகிறது. போமோரின் 1960-களின் சரக்கைச் சுவைஞர்கள் கொண்டாடுவது அதில் எழும் மாம்பழ வாசனை போன்றவற்றுக்காகத்தான். புகைதான் வேண்டுமென்றால் இளைய விஸ்கியை வாங்குவது மேல், விலையும் குறைவு.

முதுமை எப்போதும் மேன்மை தருவதுமில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிறது என்று கொண்டால், முப்பது ஆண்டுகளில் பாதிக்குச் சற்றே குறைவாகப் போய்விடும். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்காட்லாந்தின் ஈரக் குளிரில் மதுச்செறிவும் மெல்ல இறங்குகிறது. அது 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. மரத்தின் துவர்ப்பு மிஞ்சிக் கசந்துபோன பீப்பாய்களும் உண்டு.

வைன் புட்டியைப் படுக்கவைப்பதுபோல் விஸ்கிப் புட்டியைப் படுக்கவைக்கக் கூடாது. நண்பர் ஒருவர் அப்படிப் படுக்கவைத்திருந்த பழைய புட்டியை நாங்கள் திறந்தபோது, கார்க் பாதியிலேயே முறிந்து, மீதி தூளாக உள்ளே உதிர்ந்தது. காப்பி வடிகட்டும் தாளில் ஊற்றித்தான் குடிக்க நேர்ந்தது. செறிந்த மது கார்க்கை அரித்துவிடும் என்பதால், நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பாதிக்கு மேல் தீர்ந்த புட்டியில் காற்று நிறைந்து மணம் தட்டையாகிவிடுவதால், மிச்சத்தைச் சிறு புட்டிக்கு மாற்றலாம்.

பனிக்கட்டி போட்டால் இத்தனை ஆண்டுகள் சேர்ந்த மணம் அமுங்கிவிடும். சில துளித் தண்ணீர் தாராளமாகச் சேர்க்கலாம். குளிர்முறையில் வடிகட்டாத விஸ்கி அப்போது சற்றே கலங்கும். அதைக் கலப்படம் என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை, கொழுப்பு அமிலச் சேர்மங்கள் பிரிந்து தெரிவதுதான் அது.