மனச்சிதைவா, வேறு நோயா? மருத்துவரிடம் போகுமுன் தயாரிக்க வேண்டிய குறிப்பேடு

என் தம்பிக்கு ஒரு மருத்துவர் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை உறுதியாக நம்புவது போன்றவை வரும் நோய்) என்றார், இன்னொருவர் இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வருவது) என்றார். இருவரும் பார்த்தது வெவ்வேறு நாளின் தம்பியை. இடைப்பட்ட நாட்களை எழுதிக் கொடுத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

1. உடல் காரணங்களை விலக்குங்கள். மனச்சிதைவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு, பி12 குறைவு, வலிப்பு, மூளை அழற்சி போன்றவை இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனைகள். ஸ்டீராய்டு மாத்திரை, கஞ்சா எதையும் மறைக்காதீர்கள்.

2. தொடக்கத்தைக் கண்டுபிடியுங்கள். கத்திய நாள் தொடக்கமல்ல. குளிப்பதையும் நண்பர்களையும் விட்ட மாதத்திலிருந்து எழுதுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 அளவுகோலின்படி அறிகுறிகள் ஏதோ ஒரு வடிவில் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11க்கு ஒரு மாதம் போதும். அதனால் முதல் சந்திப்பிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடாத மருத்துவரை நான் கூடுதலாக நம்புவேன்.

3. மனநிலைக்குத் தனிப் பத்தி போடுங்கள். எல்லாம் சிக்குவது இங்கேதான். என் குறிப்பேட்டில் இரண்டு பதிவுகள்:

"இரவு. சுவரைப் பார்த்துப் பதில் சொன்னான். இரண்டு மணி நேரத் தூக்கம், களைப்பே இல்லை. மூச்சுவிடாமல் பேச்சு."

"மதியம். நன்றாகத் தூங்கி எழுந்தான், நிதானமாகச் சாப்பிட்டான். தன் எண்ணங்களை அடுத்த வீட்டார் கேட்கிறார்கள் என்றான்."

மருத்துவர் விரல் வைத்தது இரண்டாவதில். மிகை உற்சாகமோ கடும் சோர்வோ இருக்கும்போது மட்டும் குரல்கள் கேட்டாலோ இப்படிப்பட்ட நம்பிக்கைகள் வந்தாலோ நோய் வேறாக இருக்கலாம். மனநிலை சீராக இருந்தும் அவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் பார்வை மனச்சிதைவின் பக்கம் திரும்பும். "சந்தேகப்படுகிறான்" என்று எழுதாதீர்கள்; அவன் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்.

கோடு போட்ட நோட்டுப் புத்தகமே போதும். சிரிக்கும் முகம், அழும் முகம் காட்டும் செயலிகள் இதற்கு உதவாது. மறைந்திருந்து வீடியோ எடுப்பது அதைவிட மோசம்: யாரோ கண்காணிக்கிறார்கள் என்று நடுங்குபவரை நிஜமாகவே கண்காணிக்கலாமா?

பிற்சேர்க்கை: "வரவே மறுக்கிறாரே?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தனக்கு நோயில்லை என்று நம்புவதும் பெரும்பாலும் இந்நோயின் பகுதிதான். வாதாடி வெல்ல முடியாது. தூக்கமின்மைக்காகப் போகலாம் என்று கூப்பிட்டுப் பாருங்கள், அது உண்மையும்கூட. அதற்கும் மசியாவிட்டால் நோட்டுடன் நீங்கள் மட்டும் போய் யோசனை கேளுங்கள். காய்ச்சலோடு குழப்பம், வலிப்பு, தற்கொலைப் பேச்சு, பிறரைத் தாக்கும் அபாயம் இருந்தால் குறிப்பேட்டை விடுங்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.