வீட்டிலேயே பைக் பிரிக்கிறீர்களா? மரையைக் காப்பாற்றுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி தன் ஸ்பிளெண்டருக்கு முதல் தடவையாக அவனே ஆயில் மாற்றிக்கொண்டிருந்தான். பழைய ஆயில் வடிந்தது, அதை வடிக்கக் கழற்றிய ட்ரெயின் போல்ட்டைத் திரும்பப் போட்டான், ஒழுங்காகத்தான் போட்டான், அப்புறம் ஸ்பேனரின் வாலில் ஒரு நீளமான இரும்புப் பைப்பைச் சொருகினான். மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். 12 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை.

சூடான சைலன்சரில் கை வைப்பது, கழற்றிய நட்டைத் தொலைப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகவே புத்தி வந்துவிடும். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பைப் சொருகி முறுக்குவது

போல்ட் இரும்பு. அது ஏறுகிற இன்ஜின் கேஸ் அலுமினியம். இரண்டும் மோதினால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வண்டியில் ட்ரெயின் போல்ட் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிந்தது. இறுக்கம் போதவில்லை என்று நினைத்து பைப்பைப் போட்டு இழுத்தேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வாழைப்பழத்தில் குத்திய குச்சி மாதிரி லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளிக் கம்பி போலச் சுருண்டு அலுமினியம் ஒட்டியிருந்தது. அது கேஸின் மரை, அதாவது போல்ட் சுற்றி ஏறும் சுருள் வரி.

ஒரு மெக்கானிக் பெரிய போல்ட்டுக்கு டேப் அடித்து, அதாவது புது மரை வெட்டித் தருகிறேன் என்றார், டேப் கோணலாக இறங்கிக் கசிவு அதிகமாகிவிட்டது. கடைசியில் இன்ஜினை இறக்கி, ஒரு லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் போட்டு, அதாவது இரும்புச் சுருளாலேயே புது மரை அமைத்து, உள்ளே விழுந்த அலுமினியத் துகளையெல்லாம் கழுவி எடுத்து வண்டி ஓட இரண்டு வாரம் ஆனது.

இன்றைக்கும் ஆத்திரம் வருவது எதற்கென்றால், அந்தக் கசிவுக்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் ஒருமுறை நசுங்கினால் திரும்பச் சரியாக அடைக்காது, ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். சில ரூபாய் வாஷருக்குப் பதிலாக இன்ஜின் கேஸைப் பலி கொடுத்தேன்.

எவ்வளவு இறுக்கலாம்? 100 சிசி வண்டிகளின் ட்ரெயின் போல்ட்டுக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சரியான எண் இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ அரிசிப் பை தொங்கினால் எவ்வளவு விசையோ, அவ்வளவுதான். ஒரு மீட்டர் பைப் போட்டால் இரண்டரைக் கிலோவிலேயே அது வந்துவிடும், நாமோ உடம்பு எடையைப் போட்டு இழுக்கிறோம். கிளட்ச் கவரில் வரும் 6 மிமீ போல்ட்டுகளுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். அது வரும்வரை சின்ன ஸ்பேனரை அதன் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள்.

தம்பியின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். மரை பிழைத்திருந்தது, வாஷரில்தான் வட்டமாக ஆழமான கோடு விழுந்திருந்தது. புதுசு போட்டு அளவாக இறுக்கினோம். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் ஒரு பொட்டு ஆயில் இல்லை.

ஸ்பார்க் பிளக்

இதுவும் அலுமினியத்தில்தான் ஏறுகிறது, அதுவும் சிலிண்டர் ஹெட்டில். முதல் நாலைந்து சுற்று விரலால் மட்டும். விரலுக்கு இறங்கவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்பப் போடுங்கள்.

ஸ்க்ரூ தலை

ஆர்எக்ஸ் 100 மாதிரி ஜப்பான் வழி வந்த வண்டிகளில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கு நம் வீட்டு ஸ்டார் திருப்புளி சரியாகப் பொருந்தாது, வழுக்கித் தலையை உருண்டையாக்கிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) திருப்புளி என்று கேட்டு வாங்குங்கள், அசையாத ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்.

கார் ஆயில்

வேண்டாம். பைக்கில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது, கார் ஆயில் போட்டால் வழுக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும்.

செயின் லாக்

செயினின் இரு முனையை இணைக்கும் லாக்கின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும்.