வாந்தித் தேடல்களை வைத்து நோரோவைரஸைக் கணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோரோவைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். ஒன்றிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் அடங்கிவிடும். அதனால் பெரும்பாலானோர் டாக்டரிடமே போவதில்லை; மலப் பரிசோதனையெல்லாம் நடப்பது அபூர்வம். ஆனால் நடுராத்திரியில் குழந்தை மூன்றாவது தடவை வாந்தி எடுத்தால், அம்மா போனை எடுத்து கூகுளில் தேடுவார். ஆய்வகக் கணக்கில் வராத அந்தக் குழந்தை இந்தத் தேடல் கணக்கில் வருகிறது. பிரான்சிலும் சுவீடனிலும் இப்படிப்பட்ட தேடல்கள் நோயின் ஏற்ற இறக்கத்தோடு நன்றாகவே ஒத்துப்போயின. இவ்வளவு பயனுள்ள தரவை அவசரத்தில் கெடுத்துவிடக் கூடாது.

அதிகம் நடக்கும் தவறு, வைரஸின் பெயரையே தேடுசொல்லாக எடுத்துக்கொள்வது. 2018 பிப்ரவரியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் நோரோவைரஸ் பரவி, சுமார் 1,200 பாதுகாவலர்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த மாதிரி வாரத்தில் 'நோரோவைரஸ்' என்று தேடுபவர்களில் பலர் செய்தி படித்தவர்கள். அவர்கள் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. நிஜமாகவே அவதிப்படுபவர் 'வாந்தி நிற்க என்ன செய்வது' என்றுதான் கேட்பார். அறிகுறிச் சொற்களையே எடுங்கள். அதிலும் கர்ப்பகால வாந்தி, பஸ் பயண வாந்தி எல்லாம் கலந்திருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் தளத்தில் வரும் 100 என்பது ஆள் கணக்கு இல்லை. நீங்கள் கேட்ட காலத்தில், அந்த ஊரின் மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு உச்சத்தைத் தொட்ட இடம்தான் 100. காலவரம்பை மாற்றினால் பழைய வாரத்தின் எண்ணும் மாறிவிடும். தேடல் மிகக் குறைவாக இருந்தால் 0 காட்டும். அங்கே நோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

தேடல் எண்ணிலிருந்து நோயைக் கணிக்க, ஒரு பருவத்தில் பொருந்திய சூத்திரத்தை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க 2008-இல் வந்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரம் அந்தக் காய்ச்சலை மிகைப்படுத்திச் சொன்னது. 2015-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வக முடிவுகளோடு ஒப்பிட்டுச் சூத்திரத்தைத் திருத்துங்கள்.

கடைசியாக, தேடல் ஏறியதுமே நோரோவைரஸ் என்று அறிவிக்காதீர்கள். ரோட்டாவைரஸுக்கும் இதே வாந்தி, இதே பேதி. எந்த வைரஸ் என்று மல மாதிரிதான் சொல்லும். வரைபடம் ஏறும் வாரத்திலேயே அந்த வட்டாரத்து மருத்துவமனைகளிடம் மாதிரி கேளுங்கள்.