வேலம்பாசியில் ஒளிச்சேர்க்கையைக் கண்ணால் காண்பது எப்படி?

ஒளிச்சேர்க்கையைச் சமன்பாடாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு கண்ணாடிக் குவளையில் நிகழ்த்திப் பார்ப்பதே அதைப் புரிந்துகொள்ளும் நல்ல வழி. அதற்கு வேண்டிய வேலம்பாசி, கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக் குளங்களிலும் கால்வாய்களிலும் தண்ணீருக்கடியில் வளரும் செடியாகும்.

விரல் நீளமுள்ள பசுமையான தண்டு ஒன்றை எடுத்து, அதன் அடியைத் தண்ணீருக்குள் வைத்தே பிளேடால் வெட்டி, வெட்டுவாய் மேலே இருக்கும்படி குவளையில் தலைகீழாக நிறுத்தவும். தண்டு மிதக்காமலிருக்க நுனியில் சிறு கல்லைக் கட்டலாம். தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடாவைக் கரைத்துவிட்டால், செடிக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடு அதிலிருந்து கிடைக்கும். பிறகு குவளையை வெயிலில் வைத்தால், சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து குமிழிகள் சரம்சரமாக எழும்பத் தொடங்கும்.

நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளவும். தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருந்த காற்றும் குமிழியாகிக் குவளையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வெட்டுவாயிலிருந்து வருபவற்றை மட்டுமே எண்ண வேண்டும். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் வெயிலும் மேகமும் மாறிமாறி வருவது இந்தச் சோதனைக்கு மிகவும் வசதியானது. மேகம் மறைக்கும்போது குமிழிகள் குறைவதையும், வெயில் திரும்பியதும் கூடுவதையும் நேரில் காணலாம். கொதிக்கவைத்து ஆறிய, சோடா கலக்காத தண்ணீரில் இன்னொரு தண்டை வைத்து ஒப்பிட்டால், கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் வேலை நடக்காது என்பதும் விளங்கும். டச்சு அறிவியலாளர் யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் நீருக்குள் வைத்த இலைகளில் குமிழிகளைக் கவனித்தே, ஒளி இருந்தால்தான் பசுமையான பாகங்கள் ஆக்சிஜனை வெளியிடும் என்று நிறுவினார்.

அந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தண்ணீரிலிருந்தே வருகிறது. செடியின் செல்களுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தின் சவ்வுகளிலுள்ள பச்சையம் ஒளியை ஈர்க்க, அந்த ஆற்றலால் நீர் மூலக்கூறு பிளந்து எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் தந்துவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. அப்போது உருவாகும், ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறுகளான ஏடிபி, என்ஏடிபிஎச் ஆகியவற்றைக் கொண்டு, கால்வின் சுழற்சி என்னும் வேதிவினைத் தொடரில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாறுகிறது. அறிவியலாளர்கள் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் 1941-இல் கன ஆக்சிஜன் (வழக்கமானதைவிட எடை கூடிய ஆக்சிஜன் அணு) கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்து, ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்பதற்குச் சான்று காட்டினார்கள். நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தும் ஊதாநிறக் கந்தக பாக்டீரியாக்கள், ஒளிச்சேர்க்கை செய்தும் ஆக்சிஜனை வெளியிடுவதேயில்லை.

கடலிலும் இதே வேலை நடக்கிறது. முட்டம் போன்ற பாறைக் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் சிவப்புப் பாசி கிடைத்தால், சிறிதளவு எடுத்து நன்னீர் விட்டு நன்கு அரைத்து வடிகட்டிப் பார்க்கவும். பச்சையம் அதிகம் ஈர்க்காத பச்சை ஒளியைப் பிடித்துத் தரும் சிவப்பு நிறமி நீரில் கரைந்து இளஞ்சிவப்பாக இறங்கும். நீரில் கரையாத பச்சையம் சக்கையிலேயே தங்கிவிடும்.